ஆறு சர்வரில் ஒரு திரை

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் யாருடைய கம்ப்யூட்டரும் அவர்கள் மேஜையில் இல்லை. மேஜைமேல் இருப்பது திரையும் கீபோர்டும் மட்டும்தான். வேலை நடப்பதெல்லாம் கள்ளக்குறிச்சியில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஏசி அறையில், அடுக்கிவைத்த ஆறு சர்வர்களில். திருக்கோவிலூர் கிளையில் பில் போடும் பெண்ணும், திருநாவலூரில் மருந்துக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரும், கல்வராயன் மலைமேல் எங்களுக்கு இருக்கும் சின்ன கிளினிக்கின் நர்ஸும் காலையில் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுவார்கள். ஆறில் எது கொஞ்சம் காலியாக இருக்கிறதோ அதில் அவர்களுக்கென்று ஒரு திரை திறக்கும். எதில் திறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த அறைக்கு நான்தான் ஆள். ஆஸ்பத்திரியில் என்னை 'சிஸ்டம்' என்று கூப்பிடுவார்கள். கட்டடம் கட்டும்போது ஒயரிங் ஆளாக வந்தேன். சுவருக்குள் கேபிள் இழுத்தேன். சர்வரைப் பார்த்துக்கொள்ள வந்த என்ஜினியர்கள் ஒவ்வொருவராகச் சென்னைக்குப் போய்விட, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று தெரிந்த ஆளாக நான் மிஞ்சினேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் கட்டளைச் சொற்கள் கொஞ்சம் பழகிவிட்டன. அவற்றைப் பார்த்தால், தெருவில் தெரிந்தவர் முகத்தைப் பார்ப்பது போல இன்னார் என்று தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் தெரியாது.

எனக்கு மனிதர்களிடம் பேசுவதில் சிறுவயதிலிருந்தே கூச்சம். யாருக்காவது திரை உறைந்துபோனால், 'நீங்கள் யார், எந்த ஊர், கடைசியாக என்ன செய்தீர்கள்' என்று போனில் கேட்க வேண்டும். அதைக் கேட்பதைவிட ஆறு சர்வருக்குள்ளும் நானே ஒவ்வொன்றாக நுழைந்து, அந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று பார்த்துவிடுவேன். அதற்கே பாதி நாள் போய்விடும். அதனால் இன்டர்நெட்டில் யாரோ போட்டிருந்த வரிகளை எடுத்து, நமக்கு ஏற்ற மாதிரி அங்கங்கே மாற்றி, ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பெயரைக் கொடுத்தால் போதும். அது ஆறு சர்வரையும் வரிசையாகப் போய்க் கேட்டு, ஆள் எதில் இருக்கிறார், வேலையில் இருக்கிறாரா, தொடர்பு அறுந்து கிடக்கிறாரா என்று சொல்ல வேண்டும்.

பாதி வேலை செய்தது. ஆறும் ஒழுங்காகப் பதில் சொன்னால் ஓடும். ஏதாவது ஒன்று பதில் சொல்லாமல் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவன், பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஐப்பசி மாதத்தில்தான் அது நடந்தது.

இரண்டு நாளாக விடாத மழை. மதியச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்தபோது பிரசவ வார்டிலிருந்து போன்.

"அண்ணா, கொஞ்சம் மேல வாங்க. ஒரு ரெக்கார்டு தொறக்க மாட்டேங்குது. சீக்கிரம்."

பேசியது மகப்பேறு டாக்டர். என்னைவிட வயதில் சின்னவர். எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அன்றைக்கு அந்த 'அண்ணா' வேறு மாதிரி இருந்தது. டிபன் பாக்ஸை மூடாமலே ஓடினேன்.

வார்டில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. முகம் வீங்கி, கண் இமை கனத்து, உதட்டின் ஓரத்தில் பல் கடித்த ரத்தம். மாதம் நிறையவில்லை என்று வயிற்றைப் பார்த்தே தெரிந்தது. எங்கள் மலைக் கிளினிக்கிலிருந்து எங்கள் வண்டியே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அவளுடைய அம்மா சுவரோரம் ஈரப் புடவையோடு நின்றிருந்தாள். காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

டாக்டர் திரையைக் காட்டினார். ரெக்கார்டைத் திறக்கப் பார்த்தால் ஒரு சின்னப் பெட்டி வந்து வழி மறித்தது. இந்தக் குறிப்பில் இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார், அவர் முடிக்கும்வரை திறக்காது என்று அர்த்தம். கீழே மலைக் கிளினிக் நர்ஸின் பெயர்.

"பாருங்கண்ணா. இந்தப் பொண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறி அங்கயே வலிப்பு, பிட்ஸ் வந்திருக்கு. அதுக்கு மெக்னீசியம்னு ஒரு மருந்து இருக்கு. அங்க முழுசா போட்டிருந்தாங்கன்னா நான் மறுபடி போடக் கூடாது. மூச்சு நின்னுடும். போடலேன்னா இப்பவே போட்டாகணும், இல்லேன்னா அடுத்த பிட்ஸ்ல போயிடுவா. போட்டாங்களா, எவ்ளோ போட்டாங்க, அது எனக்குத் தெரியணும்."

"நர்ஸுக்குப் போன் பண்ணீங்களா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மலையில டவரே இல்ல. காத்துல போயிடுச்சாம்."

"கூட வந்தவங்க…"

அந்த அம்மா சுவரோரத்திலிருந்தே பதில் சொன்னாள். "ஊசி போட்டாங்க சாமி. என்னிய வெளிய நிக்க வெச்சிட்டாங்க. எத்தினி போட்டாங்கன்னு பாக்கலியே. இன்னா ஊசின்னு கேட்டா எனக்கு இன்னா தெரியும்."

உடம்பில் ஊசித் தடங்கள் இருந்தன. குழந்தையின் நுரையீரலுக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று என்று வேறு ஊசிகளும் போட்டிருக்கலாம், எந்தத் தடம் எதனுடையது என்று எப்படிச் சொல்வது என்றார் டாக்டர். மருந்து அதிகமாகியிருந்தால் கால் உதறாதாம், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். லேசாக அசைந்தது. அதுவும் அவருக்குத் தெளிவாக எதையும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் நர்ஸ் ஒரு சீட்டில் எழுதி டிரைவரின் சட்டைப் பையில் வைத்து அனுப்புவார். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, எதற்கு இரண்டு வேலை என்று அந்த வருடம்தான் சீட்டை நிறுத்தியிருந்தார்கள்.

நான் கீழே ஓடினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் சிக்னல் அறுந்தால் அங்கே இருப்பவர் கண்முன் திரை போய்விடும். ஆனால் சர்வரில் அது போகாது. எழுதியது எழுதியபடி, கர்சர் துடித்தபடி, யாரும் பார்க்காத இடத்தில் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். அதற்கும் ஒரு கெடு உண்டு. தொடர்பு அறுந்து இரண்டு மணி நேரம் ஆனால் சர்வர் தானாக அந்தத் திரையை மூடிவிடும். சேவ் பண்ணாதது எல்லாம் அதோடு போகும். அறுந்த திரைகள் குப்பை மாதிரி சேருகின்றன என்று முன்பு இருந்த என்ஜினியர்கள் போட்டுவிட்டுப் போன ஏற்பாடு. மலையிலிருந்து வெள்ளிமலை, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வர, மழையில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சிக்னல் எப்போது அறுந்தது என்று எனக்குத் தெரியாது. ரெக்கார்டின் பூட்டு இன்னும் விழுந்தே இருக்கிறது என்பதால், திரை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஸ்கிரிப்டைத் தட்டினேன். நர்ஸின் பெயரைக் கொடுத்தேன். ஒன்று: இல்லை. இரண்டு: இல்லை. மூன்றில் நின்றுவிட்டது.

மூன்றாவது சர்வரில்தான் அன்றைக்கு பில்லிங் ஆட்கள் எல்லோரும் ஏறியிருந்தார்கள். அது மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் கர்சர் துடித்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. மனிதர்கள் முன்னால் வாயடைத்துப் போவேனே, அதே மாதிரி மிஷின் முன்னாலும் ஆகிவிட்டது. பிறகுதான் நிறுத்திவிட்டு, மூன்றாவதை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம் என்ற எண்ணமே வந்தது.

ஓட்டினேன். நான்கு, ஐந்து, ஆறு. எதிலும் அந்தப் பெயர் இல்லை. மூன்றாவதைத் தனியாகக் கேட்டேன். வெகுநேரம் கழித்து அதுவும் இல்லை என்றது.

மறுபடி ஓட்டினேன். இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

பூட்டு விழுந்திருக்கிறது என்றால் உள்ளே ஆள் இருக்கத்தான் வேண்டும். ஆறு வீட்டிலும் தேடிவிட்டேன், ஆள் இல்லை. என் ஸ்கிரிப்ட் தப்பா, என் கண் தப்பா என்று புரியவில்லை. படித்தவன் ஒருவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பான் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்தால் எனக்குக் கை உறைந்துவிடும்.

அப்போது மேனேஜர் உள்ளே வந்தார். மழைக்கோட்டிலிருந்து சொட்டும் தண்ணீரோடு சர்வர் அறைக்குள் வரக் கூடாது. சொல்ல வாய் வரவில்லை.

"இன்னாப்பா ஆச்சு? டாக்டர் என்னைப் புடிச்சுக் கத்தறாங்க."

"தேடிகினு இருக்கேன் சார்."

"எதுக்குத் தேடற? ஆறையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. பூட்டு தானா தொறந்துக்கும். போன மாசம் அப்பிடித்தான பண்ண?"

அவர் சொன்னது சரிதான். அணைத்துப் போட்டால் பூட்டு திறந்துவிடும். ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே எதுவும் இருக்காது. நர்ஸ் சேவ் பண்ணாமல் எழுதிவைத்தது அந்தத் திரையோடு போய்விடும். இதைச் சொல்ல எனக்கு நாலு வாக்கியம் வேண்டும். ஒன்றுதான் வந்தது.

"எழுதினது போயிடும் சார்."

"எழுதி வெச்சிருக்காங்கன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாது. சும்மா திறந்து வைத்துவிட்டு ஒரு எழுத்துகூடத் தட்டாமல் போயிருக்கலாம். நான் கீபோர்டுப் பக்கம் திரும்பினேன்.

"நீ வாயத் தொறக்கறதுக்குள்ள அந்த சர்வரே ரிட்டயர் ஆயிடும்" என்றார் மேனேஜர். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு உசுருப்பா. ஏதாவது ஒண்ணு பண்ணு."

மேஜையில் இருந்த போன் அடித்தது. டாக்டர்.

"கிடைச்சுதாண்ணா?"

"இல்ல மேடம்."

பின்னால் யாரோ முனகுவது கேட்டது.

"கிடைக்காதுன்னா சொல்லிடுங்க. நான் ஒரு முடிவு எடுத்துக்கறேன். சும்மா காத்திருக்க முடியாது."

"ஒரே ஒரு தடவ மேடம்" என்றேன். எதை ஒரு தடவை என்று எனக்கே தெரியாது.

எழுந்து வெளியே வந்தேன். ஏன் போனேன் என்றால், திரையை இன்னும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார முடியவில்லை. அவ்வளவுதான். போர்டிகோவில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து டிரைவர் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர். எப்போது பார்த்தாலும் என்னைக் கிண்டல் பண்ணுவார். அதனாலேயே அவர் இருக்கும் பக்கம் நான் அதிகம் போவதில்லை.

"இன்னா சிஸ்டம், ரூமை வுட்டு வெளிய வந்துட்ட? மழை நின்னுடப் போவுது."

நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"அந்த நர்ஸம்மா… கம்ப்யூட்டர்ல எழுதினாங்களா?" என்று கேட்டேன்.

"எழுதிகினேதான இருந்தாங்க. நான்தான் கெளம்பலாம் கெளம்பலாம்னு பறக்கறேன். 'எல்லாம் உள்ள போட்டுட்டேன், அங்க பாத்துக்குவாங்க, நீ போ'ன்னாங்க. நாங்க வண்டிய எடுக்கறோம், கரன்ட்டும் போச்சு, டவரும் போச்சு. ரெண்டாவது வளைவுல வேற மரம் சாஞ்சி கெடந்துது. அதத் தள்ளி வுட்டுட்டு வர நேரமாயிடுச்சு."

அப்படியானால் எழுதியிருக்கிறார். கெடு முடியப் போகிறது என்பதும் தெரிந்துவிட்டது.

"அவங்க பேரு எதுலயும் இல்லியே" என்றேன். அவரிடம் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"அவங்க பேருல எப்பிடி இருக்கும்?"

நிமிர்ந்து பார்த்தேன்.

"காலைல கிளினிக்கத் தொறக்கறது அந்தப் பெருக்கற அக்கா இல்ல? சாவி அவங்களாண்டதான் இருக்கும். கதவத் தொறந்த கையோட கம்ப்யூட்டரையும் போட்டுடுவாங்க. அங்க அந்தச் சனியன் சிக்னல் புடிக்கவே அரை மணி ஆவும் சிஸ்டம். ஒருத்தர் புடிச்சிட்டாங்கன்னா அப்பறம் சாயங்காலம் வரிக்கும் யாரும் வுடமாட்டாங்க. நர்ஸம்மாவும் அதுலயே ஒக்காந்து எழுதுவாங்க, டாக்டர் வந்தா அவரும் அதுலயே எழுதுவாரு. சாவி யார் கைல இருக்குதோ, அன்னிக்கு அவங்க பேருதான். ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. வருகைப் பதிவு போடுவதற்காக ஆஸ்பத்திரியில் இருக்கும் எல்லோருக்கும், கூட்டிப் பெருக்குபவர்கள் வரை, ஒரு பெயரும் பாஸ்வேர்டும் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். வாசல் கதவு அந்த அக்காவின் பெயரில் திறந்திருக்கிறது. உள்ளே போய் ரெக்கார்டு புத்தகத்தைத் திறக்கும்போதுதான் நர்ஸ் தன் பெயரைப் போட்டிருக்கிறார். பூட்டில் தெரிந்தது உள்ளே இருந்த பெயர். நான் ஆறு வீட்டு வாசலிலும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெயரைத்தான்.

அவர் பேசி முடிப்பதற்குள் நான் உள்ளே ஓடிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

அந்த அக்காவின் பெயரைக் கொடுத்து ஓட்டினேன். ஒன்று, இரண்டு, நான்கு, இல்லை. ஐந்தாவது சர்வரில் இருந்தது. தொடர்பு அறுந்த நிலை. அறுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்தேன். இரண்டு மணி நேரம் முடியச் சில நிமிடங்களே பாக்கி.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். "இதுதானா?"

"இதுதான் சார்."

"அப்பறம் இன்னா? தொறந்து காட்டு."

அறுந்து கிடக்கும் திரையை வெளியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாது. அந்த ஆளாகவே உள்ளே போனால்தான் பார்க்கலாம். அதற்கு அந்த அக்காவின் பாஸ்வேர்டு வேண்டும். மலையில் போன் இல்லை. ஒரே வழி, அவர் பாஸ்வேர்டை நானே மாற்றிவிட்டு அவராக நுழைவது. இன்னொருவர் வீட்டுக்குள் அவர் இல்லாதபோது நுழைகிற மாதிரிதான் அது. வேறு நாளாக இருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். மாற்றினேன். நேராக ஐந்தாவது சர்வருக்குப் போனேன். வழக்கமான வழியில் போனால் வேறு சர்வரில் புதிதாக ஒரு வெற்றுத் திரை திறந்துவிடும் என்ற பயம்.

புதுப் பாஸ்வேர்டைத் தட்டினேன். தவறு என்றது. மறுபடி தட்டினேன். தவறு. மூன்றாவது தடவையும் தப்பாகப் போட்டால் பெயரே பூட்டிக்கொள்ளும். விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாக, கீபோர்டைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன்.

திறந்தது.

முதலில் தெரிந்தது ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அதில் தமிழில், தட்டுத்தடுமாறித் தட்டியிருந்த பஸ் நேரங்கள். வெள்ளிமலை, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, போக, வர. கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த அக்காவிடம் பஸ் கேட்பார்கள் போலிருக்கிறது. அதை ஓரமாகத் தள்ளினேன். பின்னால் ரெக்கார்டு. அந்தப் பெண்ணின் பெயர், வயது, அழுத்தத்தின் அளவு. கீழே ஆங்கிலத்தில் ஐந்தாறு வரிகள். கடைசி வரி பாதியில் நின்று, அதன் முனையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் கண்ணாடியை மேலே விட்டுவிட்டு வந்திருந்தார். எழுத்துகள் அவருக்குத் தெரியவில்லை. நான் வார்டுக்குப் போன் போட்டேன்.

"கிடைச்சிடுச்சு மேடம். ஆனா எனக்குப் படிக்க வராது."

வாழ்க்கையில் அதை நான் யாரிடமும் அவ்வளவு சத்தமாகச் சொன்னது இல்லை.

"பரவால்லண்ணா. எழுத்து எழுத்தா சொல்லுங்க."

"எம். ஏ. ஜி…"

"போதும். அந்த வரியில நம்பர் என்ன இருக்கு?"

"நாலு. அப்பறம் கீழ் வரியில அஞ்சு. அதுக்கும் கீழ அஞ்சு."

"அந்த ரெண்டு அஞ்சுக்கும் பக்கத்துல என்ன எழுத்து?"

"ஒண்ணுல ஆர். இன்னொண்ணுல எல்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "முழுசா போட்டுட்டாங்க. நரம்புல நாலு கிராம், இடுப்புல ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு." போனைக் கையால் மூடாமலே அங்கே இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். பிறகு, "மணி போட்டிருக்கா? படிங்க" என்றார். படித்தேன். "சேவ் பண்ணுங்கண்ணா."

பண்ணினேன். பூட்டு விழுந்துகிடந்த ரெக்கார்டு மேலே அவர் திரையில் திறந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் வைத்திருந்தார், அதைத் திரும்ப டிரேயில் வைத்தார் என்று பிறகு நர்ஸ்கள் சொன்னார்கள்.

மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேஜைமேல் என் டிபன் பாக்ஸ் திறந்தபடியே இருந்தது. சோற்றின்மேல் ஏசிக் காற்று பட்டு மேல்பகுதி காய்ந்துபோயிருந்தது.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அது மலையிலேயே, அந்த முதல் பிட்ஸிலேயே முடிந்திருந்தது என்றார் டாக்டர். நாம் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருந்தாலும் அதில் மாற்றம் இருந்திருக்காது என்று இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் நம்பினேன். ஆனாலும் பல நாள் அந்த மூன்றாவது சர்வரின் கர்சர் கண்ணுக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

டவர் சரியானதும் மலையிலிருந்து எனக்கு வந்த முதல் போன் அந்தப் பெருக்கும் அக்காவினுடையது.

"தம்பி, எம்பேர்ல கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்குதே. எம்மேல ஏதாவது கம்ப்ளெய்ண்டா?"

"இல்லக்கா. நான்தான் பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

"இன்னாத்துக்கு?"

சொன்னேன். நடந்ததை முழுக்க ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. போனில், முகம் தெரியாத ஒருவரிடம். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "எம் பேர்லயா அந்தப் பொண்ணு ரெக்கார்டு இருந்துது?" என்றார்.

"ஆமாங்கக்கா."

"அது எங்க பக்கத்தூருப் பொண்ணுதான். புள்ளை போயிடுச்சுன்னு காலைலதான் சொன்னாங்க." பிறகு, "தம்பி, நான் அதுல பஸ் டைம் அடிச்சி வெச்சிருந்தேன். அன்னிக்குக் காலைல குந்திகினு அடிச்சது. அதும் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. சேவ் பண்ணி வெச்சிருக்கேன்."

அன்றைக்கு அந்தத் திரையை மூடுவதற்கு முன் அதைச் சேவ் பண்ணியிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

மேனேஜர் யாரிடமும் சொல்லாமல் சீட்டுப் புத்தகம் அடித்து மலைக்கு அனுப்பினார். டிரைவரின் சட்டைப் பையில் மறுபடி சீட்டு வருகிறது. என் ஸ்கிரிப்டும் இப்போது பதில் சொல்லாத சர்வரின் வாசலில் நிற்பதில்லை. சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. ஆள் பெயரோடு, எந்த ஊர் மிஷினிலிருந்து வந்திருக்கிறார் என்பதையும் கேட்கிறது. மலை என்று கேட்டால், சாவி அன்றைக்கு யார் கையில் இருந்தாலும் காட்டிவிடும். அதைச் சேர்க்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வேறு யாராவதாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிய அன்று நான் வார்டுப் பக்கம் போகவில்லை. படிக்கட்டுக்கு அடியில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் அவள் அம்மாவும் கைப்பையோடு படி இறங்கி வந்தார்கள். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. பழக்கத்தில் பிடித்திருக்கிறாள்.

அம்மா என் கதவருகில் நின்றாள். அன்றைக்கு வார்டில் என்னைப் பார்த்தது அவளுக்கு நினைவில்லை போலிருந்தது.

"சாமி, மலைக்கு இப்ப பஸ் எத்தினி மணிக்கு?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வந்தேன். பிறகு, "கொஞ்சம் இருங்க" என்று திரும்பி, ஐந்தாவது சர்வருக்குள் போய், அந்த அக்காவின் பஸ் நேரங்களைத் திறந்தேன். அது தமிழில் இருந்தது. யாரையும் கேட்காமல் நானே படித்துச் சொன்னேன்.

"மூணு பத்துக்கு ஒண்ணு இருக்குங்கம்மா. கச்சிராயபாளையத்துல மாற வேணாம். நேரா வெள்ளிமலை போவும்."

"மூணு பத்து" என்று மகளிடம் திருப்பிச் சொன்னாள் அம்மா. இரண்டு பேரும் போர்டிகோவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள்.